அசைவு சென்சாரும் கதவு சென்சாரும் எப்படி வேலை செய்கின்றன? வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள வீடுகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டிக் கொடுப்பது என் தொழில். சென்சார்களெல்லாம் வந்து சேரும் பெட்டியான பேனலைச் சுவரில் பொருத்தி, ரகசிய எண்ணைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்வரை யாரும் அதிகம் கேட்க மாட்டார்கள். கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும், பெரும்பாலும் ஹூட்டர் (அலாரத்தின் சைரன்) காரணமில்லாமல் கத்திய ராத்திரியில். அப்படிப் போனில் கேட்டவற்றையும், மாட்டும்போதே நான் சொல்லியிருக்க வேண்டியவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஹால் மூலையில் மாட்டும் பி.ஐ.ஆர். சென்சார், அதாவது அசைவு சென்சார், அசைவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உண்மையில் அதற்கு அசைவு தெரியாது. வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதுதான் அதற்குத் தெரியும்.

சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 33, 34 டிகிரி செல்சியஸில் இருக்கும். அந்தச் சூட்டில் வரும் கதிர் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சமாக இருக்கும். சென்சாருக்குள் ஒரு சிறிய உலோக மூடிக்குள் வெப்பமின் படிகம் ஒன்று இருக்கிறது. அதன் வெப்பநிலை துளி மாறினாலும் அதன் இரு முகங்களிலும் மின்னூட்டம் தோன்றும். மாறாமல் நின்றுவிட்டால் எதுவும் தோன்றாது. அதனால்தான் சென்சாருக்கு நேர் எதிரே ஒருவர் சிலைபோல் நின்றால் அதற்கு அவர் இருப்பதே தெரியாமல் போகிறது.

உள்ளே இருப்பது ஒரு படிகத் துண்டு மட்டும் என்றால், வெயில் ஏறும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். அதனால் இரண்டு துண்டுகளை அடுத்தடுத்து வைத்து, ஒன்றுக்கொன்று எதிராக இணைத்திருப்பார்கள். அறை முழுக்கச் சூடேறினால் இரண்டும் ஒரே அளவு மாறும். ஒன்றின் கூட்டலும் மற்றதன் கழித்தலும் சேர்ந்து பூஜ்யமாகிவிடும். ஒரு மனிதர் குறுக்கே நடந்தால் முதலில் ஒரு துண்டிலும் பிறகு அடுத்ததிலும் அவருடைய சூடு விழும். மின்னழுத்தம் மேலே ஏறி உடனே கீழே இறங்கும் அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சென்சார் 'ஆள் நடமாட்டம்' என்று எடுத்துக்கொள்கிறது.

முன்னால் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் வெறும் மூடிதானே? பெயின்ட் அடிக்கும்போது அதன் மேலும் அடித்துவிட்டார்கள்.

தயவுசெய்து அதைச் சுரண்டிப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். அது மூடி இல்லை, லென்ஸ். கிட்டே போய்ப் பார்த்தால் மெல்லிய கோடுகளும் கட்டங்களும் தெரியும். பிரான்ஸைச் சேர்ந்த அகஸ்டின் ஃபிரெனெல் 1820-களில் கலங்கரை விளக்கங்களுக்காக வடிவமைத்த தட்டை லென்ஸின் வழி வந்தது அது. தடித்த கண்ணாடி லென்ஸின் வளைவை மட்டும் வளையம் வளையமாக வைத்துக்கொண்டு நடுவில் உள்ள கனத்தை நீக்கிவிட்டார். இன்று அதே யோசனை அரை மில்லிமீட்டர் பாலித்தீன் தகட்டில் அச்சாகி நம் ஹால் மூலையில் தொங்குகிறது. கண்ணாடியில் செய்யாததற்குக் காரணம், நம் உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்பை சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும், பாலித்தீன் விட்டுவிடும் என்பதுதான்.

லென்ஸில் உள்ள ஒவ்வொரு கட்டமும் அறையின் ஒரு துண்டைப் படிகத்தின் மேல் கொண்டுவந்து போடுகிறது. பனையோலை விசிறியை விரித்தால் மடிப்புகள் எப்படி நிற்கும், அப்படிப் பார்வைப் பகுதிகளும் இடையே இடைவெளிகளும் அறையில் பரவி நிற்கும். மனிதர் ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குள் நுழையும்போதுதான் சமிக்ஞை பிறக்கிறது. இதிலிருந்து முக்கியமான ஒரு விஷயம் வருகிறது: குறுக்கே நடப்பவரைச் சென்சார் சட்டென்று பிடிக்கும், தன்னை நோக்கி நேராக வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும்.

ஆகவே வாசற்கதவுக்கு நேர் எதிரே மாட்டச் சொல்லாதீர்கள். வாசலிலிருந்து பெட்ரூமுக்குப் போகிறவர் குறுக்கே கடக்கும்படி பக்கச் சுவர் மூலையில், தரையிலிருந்து 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான வீட்டு மாடல்கள் 12 மீட்டர் வரை பார்க்கும். நம் ஹாலுக்கு அது தாராளம்.

ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நின்றால் உள்ளே இருக்கும் சென்சாருக்குத் தெரியுமா?

கண்ணாடி ஜன்னல் மூடியிருந்தால் தெரியாது. ஆனால் சூரியனிலிருந்து வரும் குறைந்த அலைநீள அகச்சிவப்பு கண்ணாடி வழியே உள்ளே வந்துவிடும். அது தரையையும் திரைச்சீலையையும் சூடாக்கும். சூடான திரை காற்றில் ஆடினால் சென்சாருக்கு அது ஆள். மேற்கு ஜன்னலைப் பார்த்தபடி சென்சார் வைக்கக் கூடாது என்று நான் அடம்பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஒழுங்காக வேலை செய்யுமா?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது, கேட்பவர்கள்தான் குறைவு. நம் ஊருக்கு இது மிக முக்கியம்.

பி.ஐ.ஆர். பிழைப்பதே உடம்புச் சூட்டுக்கும் சுவர்ச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான். மார்கழியில் சுவர் 24 டிகிரி என்றால் நம் தோலுக்கும் அதற்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருக்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் ஜன்னலெல்லாம் மூடிப் பூட்டிய வீட்டுக்குள் சுவரே 34, 35-க்கு வந்துவிடும். மாடி அறைகளில் நிலைமை இன்னும் மோசம். பகலெல்லாம் வாங்கிய சூட்டை கான்கிரீட் தளம் ராத்திரி வெகுநேரம் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நடந்துபோகும் மனிதர் சென்சாரின் பார்வையில் சுவரோடு சுவராகக் கரைந்துவிடுவார். 12 மீட்டர் பார்த்துக்கொண்டிருந்த சென்சார் சில மீட்டருக்குச் சுருங்கிப்போவதை நானே நடந்து சோதித்துப் பார்த்திருக்கிறேன். கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு இது எத்தனை பெரிய ஓட்டை என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல மாடல்களில் வெப்பநிலை ஈடுசெய்யும் வசதி உண்டு. அறைச் சூடு உடம்புச் சூட்டை நெருங்க நெருங்கச் சென்சார் தன் உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்ளும். வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். விலையில் கொஞ்சம் வித்தியாசம் வரும், கொடுக்கலாம். அதோடு, சோதனையை டிசம்பரில் செய்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள். மே மாதத்தில் ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு, ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து நடந்து பாருங்கள். அப்போது பிடித்தால் வருடம் முழுக்கப் பிடிக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்குக் காரணமே இல்லாமல் கத்துகிறதே?

காரணம் இருக்கும். பெரும்பாலும் பல்லியாக இருக்கும்.

தனியாக இருக்கும் ஓர் அம்மா ஒருநாள் விடிகாலையில் கூப்பிட்டார். "தம்பி, மூணாவது ராத்திரியா இப்படிக் கத்துது. எனக்குப் படபடன்னு வந்துருச்சு. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன், நீங்களே வந்து கழட்டிட்டுப் போயிருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். சென்சாரின் தலையில் பல்லி எச்சம். மேலே ஒரு சாண் தள்ளி டியூப்லைட். விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது, பல்லி உட்கார வாகான இடமாக நான் சென்சாரை மாட்டி வைத்திருக்கிறேன். அது முழுக்க என் தவறு. எதிர் மூலைக்கு மாற்றிக் கொடுத்தேன், அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை.

பல்லியின் உடம்பு ஏறக்குறைய அறையின் சூட்டிலேயே இருப்பதால் மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் ஓடினால் சென்சார் கண்டுகொள்ளாது. லென்ஸ் மேலேயே ஊர்ந்தால் கதை வேறு. கட்டம் கட்டமாகப் பார்வையை மறைத்து மறைத்துத் திறக்கும்போது அது ஆள் நடப்பதைப் போலவே தெரியும். சிலந்தியும் எறும்பும் அதைவிட மோசம், வயர் வரும் துளை வழியாகப் பெட்டிக்குள்ளேயே குடிபோய்விடும். மாட்டும்போது அந்தத் துளையைச் சிலிக்கோன் பசை வைத்து அடைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. திருடன் சென்சாரை ஏமாற்றியதாக நான் பார்த்த வீடுகள் இல்லை. பொய் அலாரத்துக்குப் பயந்து வீட்டுக்காரர்களே அணைத்து வைத்த வீடுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒருமுறை பொய்யாகக் கத்தினால் அணைத்துவிடாதீர்கள், மாட்டியவரைக் கூப்பிட்டு மூல காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஃபேன், ஏசி, பூஜை விளக்கு?

ஃபேன் இறக்கை அறைச் சூட்டிலேயே இருப்பதால் பி.ஐ.ஆருக்கு அது ஒரு பொருட்டில்லை. ஏசியின் குளிர்காற்று நேராகச் சென்சார் முகத்தில் அடிக்கக் கூடாது. பூஜை விளக்கை மட்டும் கவனியுங்கள். ஆடும் சுடர் நல்ல சூடான, நகர்ந்துகொண்டே இருக்கும் புள்ளி. சென்சாரின் பார்வைக்குள் பூஜை அறை வராமல் திருப்பி வைக்கலாம்.

வீட்டில் நாய் வளர்க்கிறோம். 25 கிலோ வரை பிரச்சினை இல்லை என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

அந்த 25 கிலோவைச் சென்சார் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. தரையை ஒட்டிய பகுதியில் மட்டும் நகரும் சிறிய சூட்டைத் தள்ளிவிடும்படி லென்ஸும் சர்க்யூட்டும் அமைந்திருக்கும். நாய் தரையில் நடந்தால் சரி. சோபாவிலோ மாடிப்படியிலோ ஏறினால் அது ஆள் உயரத்துக்கு வந்துவிடுகிறது. பூனை பரண்மேல் ஏறும் வீடென்றால் இந்த வசதியை நம்பவே வேண்டாம், கதவு சென்சார்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். மாட்டும் உயரத்தையும் பெட்டியில் சொன்னபடியே வைக்க வேண்டும்.

'டூயல் டெக்' என்று விலை கூடுதலாகச் சொல்கிறார்களே, தேவையா?

ஒரே பெட்டிக்குள் பி.ஐ.ஆரும் மைக்ரோவேவ் ராடாரும் இருக்கும். ராடார் பெரும்பாலும் 10.525 கிகாஹெர்ட்ஸில் அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்கும். நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே மாறியிருக்கும். கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் சொன்ன விளைவு அது. ரயில் நம்மைக் கடக்கும்போது ஹாரனின் சுருதி இறங்குவதும் அதே கணக்குத்தான்.

தனி ராடாருக்கு ஃபேன் சுற்றுவதும் ஆள்தான். தனி பி.ஐ.ஆருக்கு வெயில்பட்ட திரையும் ஆள்தான். இரண்டும் ஒரே சமயத்தில் 'ஆமாம்' சொன்னால் மட்டுமே அலாரம் என்று வைத்தால் இரண்டின் குறைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இதற்கு மறுபக்கமும் உண்டு. மே மாதச் சூட்டில் பி.ஐ.ஆர். பகுதி மங்கிவிட்டால், ராடார் எவ்வளவு தெளிவாகப் பார்த்தாலும் அலாரம் வராது. அதனால் டூயல் டெக் வாங்கினாலும் வெப்பநிலை ஈடுசெய்யும் வசதியைக் கேட்டே வாங்குங்கள். ராடார் அலை மரக்கதவையும் கண்ணாடியையும் தாண்டிப் போகும். அபார்ட்மென்டில் அதன் தூரத்தைக் குறைத்து வைக்காவிட்டால் வராந்தாவில் நடப்பவரையும் எண்ணிக்கொள்ளும்.

கதவு சென்சாருக்குள் என்ன இருக்கிறது?

இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த பொருள் இது. விரல்நுனி அளவுக் கண்ணாடிக் குழாய். உள்ளே நைட்ரஜன் வாயு, நடுவில் நிக்கல்–இரும்புக் கலவையில் இரண்டு மெல்லிய தகடுகள், நுனியில் மயிரிழை இடைவெளி. காந்தம் பக்கத்தில் வந்தால் தகடுகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். விலகினால் தகட்டின் சொந்த விறைப்பே பிரித்துவிடும். ரீட் சுவிட்ச் என்று பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் 1936-இல் உருவாக்கியது. காற்றும் ஈரமும் புகாததால் துரு ஏறாது. ஒழுங்காக மாட்டினால் கதவை விட அதிக நாள் இருக்கும்.

நிலையில் சுவிட்ச், கதவில் காந்தம். கதவு மூடியிருக்கும்வரை தகடுகள் ஒட்டி, கரன்ட் ஒரு வளையமாக ஓடிக்கொண்டிருக்கும். திறந்தால் வளையம் அறுபடும், பேனலுக்குத் தெரியும். இந்த முறையின் அழகே, வயரை யாராவது வெட்டினாலும் வளையம் அறுபடும், அப்போதும் அலாரம் வரும் என்பதுதான். 1853-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் கதவு, ஜன்னல்களை மின்கலத்தோடும் மணியோடும் இணைத்துக் காப்புரிமை வாங்கினார். பிறகு எட்வின் ஹோம்ஸ் அதை விலைக்கு வாங்கி வியாபாரமாக வளர்த்தார். போப்பின் ஏற்பாட்டில் கதவு திறந்தால் சுற்று மூடி மணி அடிக்கும். இன்று நாம் அதைத் தலைகீழாக்கி, சுற்று அறுந்தால் அடிக்கும்படி வைக்கிறோம்.

வயரை வெட்டாமல் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால்? அதற்கும் வழி உண்டு. வயரின் கடைசியில், சென்சாருக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வைப்பார்கள். அந்த மதிப்பு மாறினால் பேனல் கண்டுபிடித்துவிடும். சிலர் வேலையைச் சுருக்க அந்த ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போகிறார்கள். அப்படி வைத்தால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். மாட்டும்போது கேட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் கதவு சென்சார் மக்கர் செய்கிறது.

மரக்கதவு ஐப்பசி, கார்த்திகையில் ஊறிப் பருத்துவிடும், நிலையில் முழுக்கப் போய் உட்காராது. சாதாரண சென்சாருக்குக் காந்தம் 15 முதல் 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் மட்டுமட்டாகப் பொருத்தியிருந்தால் மழையில் எல்லை தாண்டிவிடும். அகல இடைவெளி தாங்கும் மாடல் கிடைக்கிறது. இரும்புக் கதவுக்கும் அதுவே நல்லது, ஏனென்றால் இரும்பு காந்தத்தின் புலத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். காந்தத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டை வைத்தும் சமாளிக்கலாம். எந்தக் கதவானாலும் கீல் பக்கம் மாட்டக் கூடாது. கதவு பாதி திறந்த பிறகும் அங்கே இடைவெளி வராது.

எந்தெந்தக் கதவுக்கு முதலில்?

வாசற்கதவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் மொட்டை மாடிக் கதவைச் சொல்வேன், அடுத்தது கொல்லைக் கதவு. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தாவி வர வசதியான வீடுகள் நம் தெருக்களில் ஏராளம். அந்தக் கதவோ பெரும்பாலும் லேசான தகரக் கதவு, ஒற்றைத் தாழ்ப்பாள்.

ஜன்னல்களுக்குக் கண்ணாடி உடையும் சத்தத்தைக் கேட்கும் சென்சார் போடலாமா?

கம்பி போட்ட ஜன்னலுக்கு அது வீண்செலவு. கண்ணாடியை உடைத்தாலும் கம்பியை வளைக்காமல் உள்ளே வர முடியாது. கம்பிச் சட்டத்தில் அதிர்வு சென்சார் ஒன்று ஒட்டினால், அறுப்பதையும் நெம்புவதையும் ஆள் உள்ளே வரும் முன்பே சொல்லிவிடும். கம்பியில்லாத பெரிய ஃபிரெஞ்சு விண்டோ வைத்த புது வீடுகளுக்கு மட்டும் கண்ணாடி சென்சார் பொருந்தும்.

வயர்லெஸ் நம்பலாமா?

நல்லதை நம்பலாம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 433 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில் பல, ஒவ்வொரு முறையும் மாறாத ஒரே எண்ணைத்தான் அனுப்புகின்றன. அதைப் பிடித்து நகலெடுப்பது கஷ்டமில்லை. அனுப்பிய செய்தி பேனலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சென்சாருக்கும் தெரியாது. பேட்டரி செத்துக் கிடந்தால் பேனலுக்கும் தெரியாது. சென்சாரும் பேனலும் இரு வழியாகப் பேசிக்கொள்ளும் மாடலாக, அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று சொல்லும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. பேட்டரியை மிச்சப்படுத்த வயர்லெஸ் பி.ஐ.ஆர். ஒருமுறை அடித்தபின் இரண்டு மூன்று நிமிடம் தூங்கிவிடும். சோதித்துப் பார்க்கிறேன் என்று முன்னும் பின்னும் நடந்துவிட்டு 'ரிப்பேர்' என்று கூப்பிடுகிறார்கள். மூன்று நிமிடம் அறையைக் காலியாக விட்டு, பிறகு நடங்கள்.

கரன்ட் போனால்? நெட் போனால்?

வயர் பேனலுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருக்கும். பேனலும் சென்சார்களும் சேர்ந்து 200 மில்லிஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 35 மணி நேரம். பேட்டரி பழசாக ஆக அது பாதியாகும், மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

போனுக்குச் செய்தி அனுப்ப வைஃபையை மட்டும் நம்பாமல் சிம் போடும் பேனலாக எடுங்கள். அது 2ஜி மட்டும் பேசும் பேனல் என்றால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய யாருக்கும் ஞாபகம் வராது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அப்பா அம்மா வீட்டில் அலாரம் மாட்டிக் கொடுத்தால் அந்த ரீசார்ஜ் தேதியை உங்கள் போனில் குறித்து வையுங்கள்.

நாங்கள் உள்ளே தூங்கும்போது எப்படி?

'ஸ்டே' என்ற முறையில் போடுங்கள். அசைவு சென்சார்கள் ஓய்வில் இருக்கும், கதவு சென்சார்கள் மட்டும் விழித்திருக்கும். பாத்ரூம் போகலாம், தண்ணீர் குடிக்கலாம். வாசற்கதவுக்கு 30 விநாடி அவகாசம் கொடுப்பது வழக்கம், நீங்கள் வந்து கீபேடில் எண்ணைப் போட அந்த நேரம் வேண்டும். மொட்டை மாடிக் கதவுக்கு அந்த அவகாசம் கொடுக்காதீர்கள், திறந்த அந்த நொடியே அடிக்கட்டும்.

இந்தக் கதிரால் குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ கெடுதல் வருமா?

பி.ஐ.ஆர். எதையும் வெளியிடுவதில்லை, வருவதை வாங்கிக்கொள்கிறது. உங்கள் உடம்புதான் அதை நோக்கிக் கதிர் வீசுகிறது. கதவு சென்சாரில் உள்ளது ஒரு சின்னக் காந்தம். டூயல் டெக் ராடாரின் சக்தியும் சில மில்லிவாட் அளவுதான். பயப்பட வேண்டாம்.

கேமரா இருக்கிறதே, இது எதற்கு?

சாதாரணக் கேமரா நடந்ததைப் பதிவு செய்து வைக்கும், சென்சார் நடக்கும்போதே ஹூட்டரை அடிக்கும். அசைவைக் கண்டால் சொல்லும் கேமராக்களிலும், படத்தின் புள்ளிகள் மாறுவதை மட்டும் பார்ப்பவை நிழலுக்கும் லென்ஸ் முன் பறக்கும் பூச்சிக்கும் செய்தி அனுப்பித் தள்ளும். நாலு நாளில் அந்தச் செய்திகளைப் பார்ப்பதையே விட்டுவிடுவீர்கள். இரண்டும் இருந்தால் நல்லது, ஒன்றுதான் முடியும் என்றால் சென்சாரை எடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்?

மாதம் ஒருமுறை. பேனலைச் சோதனை முறையில் போட்டுவிட்டு ஒவ்வொரு கதவையும் திறந்து மூடுங்கள், ஒவ்வொரு அறையிலும் குறுக்கே நடங்கள், சென்சாரில் சிவப்பு விளக்கு மினுங்குகிறதா பாருங்கள். லென்ஸ் மேல் ஒட்டடை இருந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ பூட்டிவிட்டுக் கிளம்புவதாக இருந்தால், பெட்டி கட்டும் முன்பே, முதல் நாள் சாயங்காலம் இதைச் செய்துவிடுங்கள். கிளம்புகிற அவசரத்தில் செய்தால் ஏதாவது ஒன்று வேலை செய்யாதபோது அப்படியே விட்டுவிட்டுத்தான் போவீர்கள். காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் என்று சொல்லிவையுங்கள். பக்கத்து வீட்டாரிடம், ஹூட்டர் கேட்டால் தனியாக உள்ளே போக வேண்டாம், விளக்கைப் போட்டுச் சத்தம் கொடுத்து, 100-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.